எட்டியும் பார்க்காத வீடு

எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒரு காகிதம் இரண்டு வருடங்களாக ஒட்டியபடியே இருக்கிறது. வீட்டு இன்சூரன்ஸ் எடுத்துத் தந்த புரோக்கர் அனுப்பியது. நம்மவர்தான். கோயில் கலண்டரின் அடியில் கோட் சூட்டோடு சிரித்துக்கொண்டிருப்பவர். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்க வருகிற ஹலோவீன் அன்று வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை என்று தமிழிலேயே அடித்திருந்தார். படியில் வெளிச்சம் இருக்க வேண்டும். வாசலில் விழுந்த இலைகளைக் கூட்டி அள்ள வேண்டும். பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி கொளுத்தாமல் பற்றரி விளக்கு வைக்க வேண்டும். நடக்கிற இடத்தில் வயர் கிடக்கக் கூடாது. யாராவது விழுந்து காயப்பட்டால் உடனே அறிவிக்க வேண்டும். பிழை உங்களுடையது என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இத்தனையையும் நான் செய்தேன். கடைசி இரண்டையும் மற்ற எல்லாவற்றையும்விட ஒழுங்காகச் செய்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்து எறியும்படி கணவர் பலமுறை சொல்லிவிட்டார். கிடக்கட்டும், பால் எடுக்கப் போகிற நேரமெல்லாம் சுடட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

ஊரை விட்டு வந்து, இந்த நகரத்தின் மல்வேர்ன் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் பதினாலு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, அதே மல்வேர்னில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை, ஒரு ரவுன்ஹவுஸ் வாங்கினோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் என் வயதுதான். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே ஒரு பெண்பிள்ளை. புருஷன் ட்ரக் ஓடுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடியப்புறம் போனால் மூன்று மணிக்கு முதல் வந்துவிடுவேன். அவள் வேலையால் வர ஆறு மணியாகும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டி வருவது நான். சாப்பாடு கொடுப்பதும், வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறேன் என்று அதனோடு மல்லுக்கட்டுவதும் நான். அந்த மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் நான் மிச்ச நேரமெல்லாம் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

பிள்ளையின் தாயும் நானும் ஒருவரையொருவர் ‘நீர்’ என்றுதான் பேசிக்கொள்வோம். எங்கள் பேச்சில் ‘நீ’ என்றால் சிலவேளை கூடிப்போகும், ‘நீங்கள்’ என்றால் தூரமாகிவிடும். ‘நீர்’ நடுவில், நெருக்கமாக நிற்கிற சொல். அவளுடைய கறிச்சட்டி என் வீட்டிலும் என்னுடைய இடியப்பத் தட்டுகள் அவள் வீட்டிலும் கிடக்கும். யாருடையது எது என்று இருவருக்கும் மறந்துபோய்விட்டது.

அந்த வருடம் பிள்ளைக்கு ஏழு வயது. ஹலோவீனுக்குச் சூனியக்காரியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“சேர்ச் சுவாமியார் அறிஞ்சால் என்னை ஏசப்போறார்” என்றாள் தாய்.

“அவருக்கும் ரெண்டு சொக்கிளேற்றைக் குடும்” என்றேன் நான்.

என்னிடம் ஒரு பழைய கறுப்புச் சேலை இருந்தது. கறுப்பு ஆகாது என்று கட்டாமலே வைத்திருந்தது. அதை வெட்டி நீளச் சட்டை தைத்தேன். சரிகைக் கரையை வீணாக்க மனம் வராமல் அதைக் கழுத்திலும் கையிலும் வைத்தேன். சரிகை வைத்த சூனியக்காரியை மல்வேர்னில் அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்திருப்பார்கள். போட்டுப் பார்த்தபோது சட்டை நிலத்தில் இழுபட்டது.

“கரையை மடிச்சு அடியுமன்” என்றாள் அவள்.

“வளருற பிள்ளை. வாற வருஷமும் போடலாம், அதுக்குப் பிறகும் போடலாம்” என்றேன். நம் ஆட்கள் பிள்ளைகளுக்கு எந்த உடுப்பை அளவாகத் தைத்திருக்கிறார்கள்? எல்லாவற்றிலும் இரண்டு வருடம் கூட்டித்தான் வைப்போம்.

அந்த மாதம் எங்களுக்குச் சரியில்லை. கடை வாசலில் நிறுத்தியிருந்த காரை யாரோ பின்னால் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுச் சூடாக்கி நின்றுவிட்டது. பிறகு கணவர் வேலையிடத்தில் ஏணியால் சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்தார். வீடு வாங்கி இரண்டு வருடம் ஆக முதல் இதெல்லாம் நடந்தால் என்ன நினைப்பது? நாவூறு, யாரோ கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். நீத்துப்பூசணிக்காய்க்குள், அதுதான் சாம்பல் பூசணிக்குள், குங்குமம் வைத்து வாசலில் உடைத்துக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஹலோவீனும் அந்த முறை செவ்வாய்க்கிழமையில் வந்தது, கழிப்புக்கு ஏற்ற நாள்.

தமிழ்க் கடையில் நீத்துப்பூசணி முடிந்துவிட்டது. ஆனால் ஊரெல்லாம் மஞ்சள் பூசணி மலையாகக் குவிந்திருந்தது. எனக்கு ஒரு புத்தி வந்தது. மற்ற நாளில் இந்த நாட்டில் ஒருத்தி தன் வாசலில் பூசணிக்காயை உடைத்துச் சிவப்பாக எதையோ சிந்தினால் பக்கத்துச் சனம் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கும். இந்த ஒரு நாளில் மட்டும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். என் கெட்டித்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வரத் தாயே அரை நாள் லீவு போட்டிருந்தாள். நான் வேலையால் வந்ததும் பூசணிக்காயை எங்கள் இருவரின் தலையையும் சுற்றி எடுத்து, கார் விடும் இடத்தின் ஓரத்தில், நடைபாதையைத் தொடுகிற மூலையில் கணவர் அதை ஓங்கி அடித்தார். சதையும் விதையும் குங்குமமும் சிதறின. அவர் இடுப்பைப் பிடித்தபடி பனி அள்ளுகிற சவல் ஒன்றை எடுத்து வந்தார்.

“இஞ்சரும், உது வழுக்கும். அள்ளிப் போடுவம்.”

“கழிச்சதைக் கையோட அள்ளக் கூடாது. விடிய அள்ளலாம். இண்டைக்கு எல்லாற்றை வாசலிலையும் பூசணிக்காய்தானே கிடக்கு” என்றேன்.

அவர் சவலைக் கராஜில் வைத்துவிட்டுப் போனார். நான் புரோக்கரின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். படிக்குப் புது பல்ப் போட்டேன். கைபிடியை ஆட்டிப் பார்த்தேன். வயரைச் சுவரோரமாக ஒட்டினேன். இலைகளைக் கூட்டினேன், அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு. பின்னேரம் மழையும் பனியும் கலந்து தூறத் தொடங்கியது. காற்று மேப்பிள் இலைகளைக் கொண்டுவந்து உடைத்த இடத்தை மூடிவிட்டது. புதிதாகப் பார்க்கிற ஒருவருக்கு அங்கே இலை மட்டும்தான் தெரியும்.

முதல் வீடு அன்ரி வீடுதான் என்று பிள்ளை முதலே சொல்லி வைத்திருந்தாள். ஆறரை மணியிருக்கும். நான் சொக்கிளேற் சட்டியோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தாய் நாலடி பின்னால், படம் எடுக்கப் போனைப் பிடித்தபடி. பிள்ளை என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். கால் இலையில் பட்டது, மறு கால் சட்டைக் கரையை மிதித்தது. வலக் கையை ஊன்றிக்கொண்டு விழுந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு “அன்ரி, அன்ரி” என்று கத்தினாள். அம்மா என்று கத்தவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.

முழங்கை உடைந்து எலும்பு விலகியிருந்தது. அம்புலன்ஸில் தாய் ஏறிப் போனாள். நான் பூசணிச் சதையில் செருப்போடு நின்றேன். அவள் கதவு மூடும்போது என்னைப் பார்த்து, “நீர் பின்னால வாரும்” என்றாள். வாறன் என்றேன்.

நான் போகவில்லை. முதலில் உடுப்பு மாற்ற வேண்டுமென்று நினைத்தேன். பிறகு காகிதத்தைப் பார்த்தேன். உடனே அறிவிக்க வேண்டும். புரோக்கரின் கைத்தொலைபேசிக்கு அடித்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, “பயப்பிடாதேங்கோ அக்கா, உதுக்குத்தானே இன்சூரன்ஸ். ஆனால் பிழை எங்கடை எண்டு மட்டும் வாய் விட்டிடாதேங்கோ. கம்பனிக்காரர் வந்து கதைக்கும்வரை அவையோட போக்குவரத்தைக் கொஞ்சம் குறைச்சால் நல்லது” என்றார்.

கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நான் அடியோடு நிறுத்தினேன்.

புரோக்கரைக் குறை சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பயம். வழக்கு வந்தால் வீடு போய்விடும், பதினாலு வருடப் பாடு போய்விடும் என்ற பயம். அதைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற வெட்கம். ஒளிக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு இன்சூரன்ஸ் இடம் தந்தது.

நம் சனத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இந்த நகரத்தில் பஸ்ஸில் நாம் போய் இடித்தாலும் மற்றவர் நமக்கு ‘சொறி’ சொல்கிறார். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம், போய்ப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்குத் திராட்சையும் அப்பிளும் பாலில் கரைத்துக் குடிக்கிற ஒரு மால்ற் பேணியும் கொண்டுபோய்க் கட்டிலருகில் பேசாமல் இருந்துவிட்டு வருவோம். எவ்வளவு கோபதாபம் இருந்தாலும் நோயாளியை இப்படி வருத்தம் பார்க்கப் போனால் பாதி தீர்ந்துவிடும். போகாவிட்டால் தீராது. ‘எட்டியும் பாக்கேல்லை’ என்ற பேச்சு செத்தவீடு வரைக்கும் வரும். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் போகாமல் இருந்தேன்.

பிள்ளைக்கு இரண்டு தரம் ஒப்பரேஷன் செய்து கம்பி வைத்து, மேலே காஸ்ற் என்று மாவுக்கட்டும் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அடுத்த நாள் தொடக்கம் பின்கதவால் இறங்கி ஒழுங்கையைச் சுற்றி பஸ்ஸுக்குப் போனேன், வரும்போதும் அப்படியே. முன்பக்க விளக்கைப் போடுவதில்லை. என் வீட்டுக்குள் நானே கள்ளி மாதிரி நடந்தேன்.

வேலியருகில் அவள் என் கணவரிடம் கேட்டிருக்கிறாள்: “அண்ணை, என்ன அவ எட்டியும் பாக்கேல்லை? ஏதும் சுகமில்லையோ?”

அவர் உள்ளே வந்து அதைச் சொன்னார். “நான் ஒருக்கால் போட்டு வாறன்” என்றார்.

“போகாதேங்கோ. வீட்டை இழக்கப் போறியளோ?”

“நீர் செய்யிறது சரியில்லை” என்றார். அவர் கோபப்படுகிறவர் அல்ல. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.

இன்சூரன்ஸ் கம்பனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். பூசணிக்காய் ஏன் உடைந்து கிடந்தது என்று கேட்டார். நாவூறை என்னுடைய ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கண், பொறாமை, கெட்ட காற்று என்று என்னென்னவோ சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு ‘ஹலோவீன் அலங்காரம்’ என்று எழுதிக்கொண்டார். பிள்ளையின் சட்டை நீளமோ என்று கேட்டார். ஓம், நீளம், நான்தான் தைத்தேன், வளரட்டும் என்று விட்டுத் தைத்தேன் என்றேன். சட்டை நீளம் என்பது வரைக்கும் எழுதினார். மிச்சத்தையும் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதாதது நல்லது என்று அந்த நேரம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் வழக்குப் போட நினைத்தவளே இல்லை. அவளை இதற்குள் இழுத்தது என்னுடைய ரெலிபோன்தான். அவளிடமும் போய்க் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிள்ளை என்ன சப்பாத்துப் போட்டிருந்தது, நீ எத்தனை அடி பின்னால் நின்றாய், கையில் என்ன வைத்திருந்தாய் என்று. மூன்று கிழமையில் அவளுக்கு ஒரு கடிதம் போனது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள், ஒரு சனிக்கிழமை காலையில். மணி அடித்தாள். நான் கதவின் உள்பக்கத்தில் நின்றேன். மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

“நிக்கிறீர் எண்டு தெரியும்” என்றாள். “கதவைத் திறவும். நான் சண்டை பிடிக்க வரேல்லை. உதுக்கு என்ன கருத்தெண்டு மட்டும் சொல்லும்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கடிதத்துவாரத்தால் ஒரு காகிதம் வந்து என் காலடியில் விழுந்தது. சட்டை அளவுக்கு மீறி நீளமாக இருந்தது, பெரியவர் யாரும் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கவில்லை, ஆகவே வீட்டுக்காரருக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. பத்து வருடம் மடுமாதாவிடம் நேர்ந்து பெற்ற பிள்ளையை அவள் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். சட்டையைத் தைத்தவள் கதவுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தாள்.

அடுத்த மாத முடிவில் அவர்கள் ஒஷாவா என்கிற வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற சத்தத்தை மேலறையில் இருந்து கேட்டேன். பின்னேரம் கதவைத் திறந்தபோது பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே என் இடியப்பத் தட்டுகள் எல்லாம், எண்ணிக்கை குறையாமல். அடியில் அந்தக் கறுப்புச் சட்டை, தோய்த்து, அழுத்தி, மடித்து. குங்குமக் கறை மட்டும் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இருந்து அழுதேன். அழுவதற்கு அப்போது யாரும் தடை போட்டிருக்கவில்லை.

இரண்டு வருடம் போனது. நாங்கள் வீட்டை இழக்கவில்லை. மூன்று மணிக்கு வந்து சும்மா இருந்தேன்.

போன மாதம் வேலையிடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வயதான யாராவது விழுந்தால் குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பது பற்றி. படிப்பிக்க வந்த பெண், முதல் வேலையாகப் போய் வருத்தம் தெரிவியுங்கள் என்றாள். இந்த மாகாணத்தில் அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதாம். மன்னிப்புக் கேட்பதைப் பிழையை ஒப்புக்கொண்டதாக வழக்கில் எடுக்க முடியாதாம். நான் கையை உயர்த்தி, இது எப்போது வந்த சட்டம் என்று கேட்டேன். அது எவ்வளவோ காலத்துக்கு முதலே வந்துவிட்டது என்றாள். சட்டம் வழி விட்டிருக்கிறது. தடுத்து வைத்திருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு காகிதத் துண்டை எடுத்து ஒஷாவா விலாசத்தை எழுதித் தந்தார். ஆண்கள் இருவரும் இவ்வளவு நாளும் ரெலிபோனில் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். திராட்சை, அப்பிள், ஒரு மால்ற் பேணி எல்லாம் வாங்கினேன். யாரும் வருத்தமாக இல்லாத வீட்டுக்கு வருத்தம் பார்க்கிற பை. நீர் போய் வாரும் என்று அவர் காரிலேயே இருந்துகொண்டார்.

கதவைத் திறந்தாள். கன்னம் மெலிந்திருந்தது. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

“வாங்கோ” என்றாள். “உள்ள வந்து இருங்கோ.”

வாரும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்.

“நான் அண்டைக்கே வந்திருக்க வேணும். பிழை என்ரை. அள்ள விடாமல் மறிச்சது நான். சட்டையை நீளமாத் தைச்சதும் நான்தான். நீர் ஒரு பிழையும் விடேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

“அதெல்லாம் முடிஞ்சுது” என்றாள். கோபமே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரோடு பேசுவது போல இருந்தது. “நீங்கள் ரீ குடிப்பீங்கள்தானே?”

அவள் ரீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது பிள்ளை மேலேயிருந்து இறங்கி வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அந்தச் சட்டை இப்போது அளவாக இருந்திருக்கும். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இடக் கை என் கழுத்தைச் சுற்றியது, வலக் கை முழுதாக நீளாமல் பாதியில் நின்றது.

“அன்ரி! சிறிலங்காவில இருந்து எப்ப வந்தனீங்கள்?”

எனக்கு விளங்கவில்லை.

“நான் விழுந்த உடனை நீங்கள் சிறிலங்கா போயிற்றீங்கள் எண்டு அம்மா சொன்னவ. பிளைட் மாத்த ஏலாதாம். நான் என்ரை காஸ்ற்றில ஒருத்தரையும் பேர் எழுத விடாமல் உங்களுக்கு ஒரு பெரிய ஸ்பேஸ் வைச்சிருந்தன், யூ நோ? கழட்டேக்கையும் நீங்கள் வரேல்லை.”

நான் தாயைப் பார்த்தேன். அவள் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. கடிதத்தோடு வந்து என் கதவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அந்த நாளிலும் பிள்ளைக்கு அவள் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் பின்கதவால் போய் வந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

“சொல்லுங்கோவன், அன்ரி. எப்ப வந்தனீங்கள்?”

“இப்பதான் பிள்ளை” என்றேன். “இப்பதான் வந்தனான்.”